ராத்திரி முழுக்க எரிகிற லைட்டு

இல்லைங்க அண்ணா, மாற்றிக் கொடுக்கச் சொல்லி வரவில்லை. லைட்டு நன்றாகவே எரிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்தால் விடிகிற வரைக்கும் எரிகிறது. மழையில் நனைந்தது, நாய் இடித்துத் தள்ளியது, அப்போதும் எரிகிறது. மொத்தம் நாற்பது. ஒன்றுகூட மக்கர் பண்ணவில்லை. அதுதான் அண்ணா பிரச்சினையே.

என்னைத் தெரியவில்லையா? சாரதாமணி அம்மாவின் சின்னப் பெண், இலக்கியா. புரட்டாசியில் அம்மாவோடு வந்தேனே. தோட்டத்துக்கு சோலார் லைட்டு வேண்டுமென்று இரண்டு கையிலும் இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இதே இடத்தில் நின்றாளே ஒரு அம்மா, அவள்தான். ஒரு பெட்டியில் மஞ்சள் வெளிச்சம், நாலு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். இன்னொன்றில் வெள்ளை வெளிச்சம், பெரிய பேனல், பெரிய பேட்டரி, ராத்திரி முழுக்க எரியும். அம்மாவுக்கு முடிவுக்கு வரவே தெரியவில்லை. கடைசியில் நீங்கள்தான், "ம்க்கும்... ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க்கா. செடிகிட்டக் குத்தி வெச்சுப் பாருங்க. புடிச்சதை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கொண்டாந்து குடுங்க. நம்ம கடைதானுங்க்கா" என்றீர்கள்.

பார்த்தீர்களா, அப்படியே நிமிர்ந்துவிட்டீர்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, உங்கள் குரல் ரொம்பச் சுலபம். முதலில் ஒரு செருமல். அப்புறம் வாயில் மிட்டாய் ஒதுக்கிய மாதிரி ஒரு குழைவு. கடைசி எழுத்தை மூக்கில் வாங்கி விட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பிசிக்ஸ் மிஸ்ஸுக்குத்தான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மினி பஸ் கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள ஒரு ஊரே நிக்கலாம்!" ஒரே நாள். சிரிக்காதீர்கள் அண்ணா. நீங்கள் சிரித்தால் நான் இன்னும் நாலு குரல் பண்ணுவேன். எனக்கு நேரமில்லை. நாளைக்குக் காலையில் என் அக்கா கல்யாணம் நிற்கப் போகிறது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். அதற்குத்தான் வந்தேன்.

என் அக்கா சங்கவிக்கு இது இரண்டாவது வரன். முதல் வரன் பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனது. ஏன் என்று அந்த வீட்டார் சொல்லவே இல்லை. அம்மா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். மாகாளியம்மனிடம் உத்தரவு கேட்காமல் தேதி குறித்துவிட்டோமாம். அதனால் இந்தத் தடவை, மாப்பிள்ளை யுகேந்திரன் மாமா வீட்டிலிருந்து வந்து அக்காவுக்குப் பூ வைத்துவிட்டுப் போன அன்றைக்கே அம்மா கோயிலுக்குப் போனாள். மற்றவர்கள் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுக் கேட்பார்கள், எந்தப் பொட்டலம் கைக்கு வருகிறதோ அது உத்தரவு. அம்மாவுக்கு அது போதவில்லை. "பொட்டலம் யாரு வேணாலும் கட்டலாம். நான் வெச்ச செவ்வந்தியில அவளே பூத்து வரட்டும். மொத மாலை அவளுக்கு. பூ வந்தா கல்யாணம், வரலைன்னா அவ வேண்டாம்னு சொல்றான்னு அர்த்தம்" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

முப்பது தொட்டி செவ்வந்தி. வாசல் கேட்டிலிருந்து கிணற்றுமேடு வரை இரண்டு வரிசை. அம்மா அதற்குச் செய்த வேலையை எனக்குச் செய்திருந்தால் நான் ஸ்டேட் ஃபர்ஸ்ட். அப்புறம்தான் லைட்டு ஆசை வந்தது. பூ வைக்க வந்த அன்று இருட்டில் மாமாவின் அப்பா தொட்டியில் இடித்துக்கொண்டு நொண்டினார். சம்பந்தி வீட்டார் இனி வரும்போது தோட்டம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

இரண்டு பெட்டியையும் வீட்டுக்கு எடுத்துப் போனோமா. மூன்று நாள். மஞ்சளைக் குத்திப் பார்ப்பாள், "குளுமையா இருக்குதல்ல?" வெள்ளையைக் குத்திப் பார்ப்பாள், "இதுதான் வெளிச்சம்னு சொல்ற மாதிரி இருக்குது." மறுபடி மஞ்சள். மறுபடி வெள்ளை. சோறு ஆறுகிறது. நான்காம் நாள் உங்கள் கடைக்கே போன் போட்டாள். நீங்கள் எடுக்கவில்லை, சாப்பிடப் போயிருப்பீர்கள். நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டு இருந்தேன். அப்பா லாரியில் சூரத் போகும்போது வீட்டில் விட்டுப்போன பழைய போன் என் கையில் இருந்தது, அதன் நம்பர் அம்மாவுக்குத் தெரியாது.

ஆமாம் அண்ணா. நான்தான்.

"ம்க்கும்... சொல்லுங்க்கா, போன் பண்ணீங்களா?" என்றேன். அம்மா கீழே தோட்டத்தில் நின்று, மாடியில் நிற்கிற என்னிடம், "அண்ணா, எதை வாங்கறதுன்னே தெரியலைங்க" என்கிறாள். நான் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். "வெள்ளையே வாங்குங்க்கா. செடி மேலயே படற மாதிரி குத்துங்க. பகல் வெளிச்சத்துல ஒரு பூ பூக்கற செடி, ராத்திரியும் வெளிச்சம் பட்டா ரெண்டு பூ பூக்கும். ஓசூர்ப் பக்கம் பண்ணையில எல்லாம் இப்படித்தானுங்க்கா!" ஓசூர் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. குரல் ஓட ஆரம்பித்தால் வார்த்தை தானாக வரும். அம்மா, "ரொம்ப நன்றிங்ணா" என்றாள். அந்த 'ங்ணா'வில் இருந்த மரியாதை இருக்கிறதே! அன்றைக்கு அதைவிட நல்ல ஜோக்கு எனக்கு எதுவும் தெரியவில்லை.

மறுநாளே மஞ்சளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளையில் இன்னும் இரண்டு பெட்டி வாங்கினாள், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள்கூட, செவ்வந்திக்கு எதற்கு அக்கா இவ்வளவு லைட்டு என்று கேட்டீர்களாம். "நீங்களே சொல்லிட்டு நீங்களே கேக்கறீங்களே" என்று அம்மா சிரித்தாளாம். கூட்ட நேரம், நீங்களும் சிரித்துவிட்டு பில் போட்டிருப்பீர்கள்.

அப்புறம் செடி வளர்ந்தது பாருங்கள். இடுப்பு உயரம். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தெருவே வந்து பார்த்தது. மொட்டு மட்டும் இல்லை. ஐப்பசியில் வர வேண்டிய மொட்டு, ஐப்பசி முடிகிறது, இல்லை. அம்மா தினமும் காலையில் பத்து மணிக்கு ஈரத்துணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு பேனலாகத் துடைப்பாள், தூசி இருந்தால் வெளிச்சம் குறையுமாம். குறைந்தால் பூ வராதாம். மொட்டு வரத் தாமதமாகத் தாமதமாக, அம்மா இன்னும் நன்றாகத் துடைத்தாள். லைட்டு இன்னும் நன்றாக எரிந்தது.

போன மாதக் கடைசியில் சந்தையில் அந்த நர்சரிக்காரரைப் பார்த்தேன், மினி லாரியில் நாற்று கொண்டுவந்து விற்பாரே, எங்களுக்கு நாற்று கொடுத்தவர். கேட்டேன். டப்பாவில் கூழாங்கல் குலுக்கின மாதிரி ஒரு குரல் அவருக்கு. "பாப்பா, ராத்திரியில லைட்டு கிய்ட்டு எரியுதா? அட, கெடுத்தீங்களே! செவ்வந்திக்கு நீளமா இருட்டு வேணும். ராத்திரி நீண்டாத்தான் பனிக்காலம் வந்துருச்சுன்னு அதுக்குத் தெரியும், மொட்டு வெக்கும். நீங்க லைட்டைப் போட்டுப் போட்டு, அது இன்னும் கோடைன்னு நெனைச்சுக்கிட்டுத் தழையாத் தள்ளிட்டு இருக்குது. இன்னைக்கு அணைச்சாலும் மொட்டு தெரிய மூணு வாரம், பூ விரிய ரெண்டு மாசம்" என்றார். லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அதே குரலில்தான், கூழாங்கல் விடாமல். "பாப்பா, லைட்டு கிய்ட்டு எரியுதா?" அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். "அக்கா வாழ்க்கை உனக்குக் கூத்தாப் போச்சா?" என்றாள். என் குரலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? அவர் சொன்னதை அவர் குரலில் சொன்னால்தானே அண்ணா நம்புவார்கள்?

சரி, நாமே அணைத்துவிடுவோம் என்று பன்னிரண்டு லைட்டை அணைத்து வைத்தேன். அம்மா வந்து பார்த்தாள். லைட்டு கெட்டுப்போச்சு என்று இங்கே வந்து இன்னும் இரண்டு பெட்டி வாங்கிப் போனாள். பழையதையும் தட்டிப் பார்த்து எரிய வைத்துவிட்டாள். ஐந்து பெட்டி, பெட்டிக்கு எட்டு, அப்படித்தான் நாற்பது ஆனது.

அப்புறம் பூசாரி. அதுவும் போனில்தான். "தாயீ... சாரதாமணீ... ஆத்தா கனவுல வந்து, என் பூவு தூங்கட்டும், வெளக்கை அணைன்னு சொன்னாளே..." நானே புல்லரித்துப் போனேன் அண்ணா, அவ்வளவு பிரமாதம். அம்மா போனை வைத்துவிட்டுத் தேங்காய் பழத்தோடு நேராகக் கோயிலுக்குப் போய்விட்டாள், பூசாரியின் காலில் விழ. அவர் பாவம், "நான் போனே வெச்சுக்கறதில்லீங்களே" என்றிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து ஒரே ஒரு அறை விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் போன் பண்ணினாலும் அம்மா முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள், வாய் அசைகிறதா என்று.

அதற்குப் பிறகு செய்ததுதான் அண்ணா தப்பு. மற்றதெல்லாம் விளையாட்டு, இது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூக்கடையில் கால் கிலோ செவ்வந்தி வாங்கி, பச்சை நூலால் செடியில் கட்டினேன். ஏழு பூ. இலைக்கு நடுவில், தெரிந்தும் தெரியாமலும். அம்மா விடிந்ததும் வெளியே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவை எழுப்பிக் கொண்டுவந்து காட்டினாள். அக்கா சிரித்தாள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் பூவைக் கிள்ளினாள். பூவோடு நூலும் வந்தது. கையில் வைத்து அந்த நூலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பச்சை நூலாகப் பார்த்துத்தான் கட்டினேன், ஆனாலும் பார்த்துவிட்டாள்.

இன்னும் இருக்கிறது. நேற்று கிணற்றுக்குப் பின்னால் ஒரு தொட்டியைக் கண்டேன். அடி உடைந்ததென்று அம்மா எப்போதோ ஒதுக்கி வைத்த தொட்டி. அங்கே லைட்டே இல்லை. அதில் ஒரு மொட்டு அண்ணா! நிஜ மொட்டு! பட்டாணி அளவு, நுனியில் மஞ்சள் கீறல். தூக்கிக்கொண்டு ஓடினேன். "அம்மா பாரு, இருட்டுல இருந்தது, பூக்குது பாரு!" அம்மா என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். மொட்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். நூல் இருக்கிறதா என்று பார்க்க.

நூல் இல்லை. கையோடு வந்துவிட்டது. அப்போதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எதுல ஒட்டுன?" என்றாள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்திரிகைக்குப் பெயர் எழுதி வாங்க மாமாவின் அப்பா காலையில் வருகிறார். வாசலிலேயே வைத்து வேண்டாம் என்று சொல்லப் போகிறாளாம் அம்மா. "ரெண்டாவது தடவையும் பத்திரிகை அடிச்சு நிக்கறதுக்கு, இப்பவே நிக்கட்டும்." அப்பாவுக்குப் போன் போட்டால், அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்கிறார். கல்யாணம் தை இருபத்தாறு. இன்றைக்கு லைட்டை அணைத்தால் சரியாக அதற்குள் பூ விரியும், நான் கணக்குப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் பூ மாசியில்தான்.

அக்காவா? மாமாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், போன் அடிக்க அடிக்கக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். நேற்று சாயங்காலம் என்னிடம் வந்து, "ஏண்டி, மாமா குரல்ல ஒருக்கா பேசேன்" என்றாள். பேசினேன். "சங்கவி, சாப்பிட்டியா? பஸ் கெடைச்சுதா?" அவர் தினமும் கேட்பது அதுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அச்சு அசலாகத்தான் அண்ணா பண்ணினேன். எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை.

அதனால் நீங்கள் ஒரு உதவி பண்ண வேண்டும். அம்மாவுக்கு ஒரு போன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க்கா, வெள்ளை லைட்டால செவ்வந்தி பூக்காது, நாந்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்று. அவ்வளவுதான். தெரியும், நீங்கள் சொல்லவில்லைதான். ஆனால் சொன்னதாகவே இருக்கட்டுமே? கடைக்காரர் ஒரு தடவை தப்பாகச் சொன்னால் என்ன குடி முழுகிப் போகிறது? நான் என்றால் அப்படியா? அம்மா என்னைச் சும்மா விடுவாளா? அக்கா ஆயுசுக்கும் என்னோடு பேசுவாளா? தயவுசெய்து அண்ணா. உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். வேறு யாருடைய குரலும் மிச்சமில்லை அண்ணா.

போடுகிறீர்களா? ரொம்ப நன்றிங்ணா. நம்பர் இதுதான். ரிங் போகிறதா? செருமாதீர்கள்... ஐயோ, செருமிவிட்டீர்கள்.

என்ன அண்ணா? என்ன சொல்கிறாள்? "பூசாரி முடிஞ்சு இப்பக் கடைக்காரரா"வா? இல்லை, சொல்லுங்கள், நீங்கள்தான் என்று சொல்லுங்கள்! உங்கள் பெயரைச் சொல்லுங்கள்! ...வைத்துவிட்டாளா? "செருமல்கூட அப்படியே பண்றடி, வெக்கமா இல்லையா" என்றாளா?

அண்ணா, அது உங்கள் குரல். உங்கள் சொந்தக் குரல். அதையே நம்பவில்லை.

மறுபடி போடுங்கள். ஒரே ஒரு தடவை. இல்லை, என்னிடம் ஏன் கொடுக்கிறீர்கள்? நான் என்ன பேசுவேன்? அண்ணா, ரிங் போகிறது. அண்ணா!

அம்மா. வெச்சிராத. நான்தான்... இலக்கியாதான்... இல்லம்மா, இது யாரு குரலும் இல்ல. லைட்டுக் கடையில இருக்கேன். இப்பப் பேசுனது அவரேதான். நெசமா. அன்னைக்குப் பேசுனதுதான் அவரில்ல... புரட்டாசியில. வெள்ளை லைட்டு வாங்குங்கன்னு. ஓசூரு, பண்ணைன்னு... அது நான்மா. மொட்டை மாடியில நின்னுட்டு நான்தான் பேசுனேன்... சிரிக்கறதுக்குத்தான்மா. வேற ஒண்ணுக்கும் இல்ல. சும்மா சிரிக்கறதுக்கு.

அம்மா? அம்மன் வேண்டாம்னு சொல்லலைம்மா. அவளைச் சொல்லவே விடலை நான். நேத்து நீ இழுத்தது நெச மொட்டு. நூலும் இல்ல, பசையும் இல்ல. நெச மொட்டும்மா அது. நாளைக்கு அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிராத. மூணு வாரம், மூணே வாரம் பொறு...

அண்ணா, போனை வைக்கவில்லை. செருப்பு சத்தம் கேட்கிறது. தோட்டத்தில்தான் இருக்கிறாள்.

டக் என்கிறது. கேட்டீர்களா? இதோ, காதில் வைத்துப் பாருங்கள். இன்னொரு டக். லைட்டைத் திருப்பி அடியில் சுவிட்சை அமுக்குகிறாள் அண்ணா! மூன்று. நாலு. நீங்கள் பேசாதீர்கள், எண்ணிக்கை போய்விடும். ஒன்பது. பத்து. நடந்து நடந்து போகிறாள், மூச்சு வாங்குகிறது. பதினாறு. பதினேழு.

நின்றுவிட்டது.

அம்மா? ...ம். ...ம். ...அக்கா பக்கத்துலயா? அம்மா, அக்காகிட்ட நீயே சொல்லிரு, நான்... சரி. சரிம்மா. ...இல்ல, யாரு மாதிரியும் பேச மாட்டேன். வர்றேன்.

இந்தாங்கள் அண்ணா உங்கள் போன். மிச்சத்தை நான் வந்து அணைக்க வேண்டுமாம். அக்காவைக் கூட நிற்க வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக. நாளைக்கு அவர்களிடம் என்ன சொல்வது என்று அதற்கப்புறம் அக்காவே முடிவு பண்ணட்டுமாம்.

எங்கள் ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு? பன்னிரண்டேகாலா? இருபத்து மூன்று லைட்டு இருக்கிறது அண்ணா. அக்காவிடம் முதல் லைட்டிலேயே சொல்லிவிட வேண்டுமா, இல்லை, கடைசி லைட்டில் சொன்னால் போதுமா?